திருப்பிப் போடும் நேரம்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இரண்டு வருடமாக நீ பேசினாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸ் பக்கத்து ஹோட்டல் கூடத்தில் கழுத்தில் சந்தன மாலையோடு நின்று உன் அம்மாவைப் பற்றி நீ பேசியதையும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முடிந்ததும் எழுந்து வந்து வீட்டுக்குக் கணபதி பஸ் ஏறிவிட்டேன். விருந்தில் மாமாவைக் காணோமே என்று உன் மனைவி போனில் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். என் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மனசில்லை, அவ்வளவுதான். இந்தக் கடிதத்துக்கு மேலே 'அன்புள்ள' என்று எழுதவில்லை. மறந்துபோய் விட்டதல்ல.

நீ லண்டன் போகிறாய். புற்றுநோய் முற்றியவர்களின் வலியையும் மனதையும் கவனிக்கிற படிப்பு. அதற்காக ஊரில் உள்ள டாக்டர்கள் கூடி உன்னை வழியனுப்பினார்கள். நீ வெள்ளைத் திரையில் ஸ்லைடு போட்டாய். திருமதி ச., வயது ஐம்பது, மார்பகப் புற்றுநோய், எலும்புக்குப் பரவியது. நான் முப்பது வருடம் கூப்பிட்ட பெயரில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தாய். இந்த நோயாளி சாக வேண்டும் என்று கேட்டார், நாங்கள் குழுவாகப் போய்ப் பேசினோம், அது மனச்சோர்வு என்று கண்டுபிடித்தோம், மாத்திரை கொடுத்தோம், இரண்டு வாரத்தில் சாவைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார் என்றாய். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, அந்த நோயாளி என் அம்மா என்றாய். கூடம் முழுக்கக் கைதட்டியது. உன் சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதம் இந்தப் பேச்சு டாக்டர்கள் சங்கத்துப் பத்திரிகையில் கட்டுரையாக வரும் என்று அறிவித்தார்கள். அதற்கும் கைதட்டல்.

அந்தக் கதையில் உன் அம்மாவின் வயதையும் வியாதியையும் தவிர வேறு எதுவும் சரியில்லை. அவள் சாகக் கேட்டாள் என்பது அச்சில் ஏறப்போகிறது. ஏறிய பிறகு அதுதான் அவள். நாளைக்கு உன் மாணவர்கள் படிப்பார்கள், அவர்களுடைய மாணவர்கள் படிப்பார்கள். அவள் கேட்டது வேறு. அவள் கேட்டபோது பக்கத்தில் இருந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன். நீ திருந்துவாய் என்கிற நம்பிக்கையில் எழுதவில்லை.

உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. நீ அஞ்சாவது படிக்கும்போது நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த லேத் பட்டறையின் சுவரில் ஏறி விழுந்து கையை உடைத்துக்கொண்டாய். நான் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு கம்பவுண்டர் டீ குடிக்கக் கிளம்பினானாம். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அவனுடைய சட்டையைப் பிடித்திருந்தாள். "எம் பையன் வலியில துடிக்கிறான், உனக்கு டீ கேக்குதா? போ, போய் டாக்டரக் கூட்டியா" என்றாள். பால்காரனையும் 'வாங்க' என்று கூப்பிடுகிறவள், தெருவில் போகிற பத்து வயதுப் பிள்ளையிடமும் மரியாதை குறையாமல் பேசுகிறவள், அன்றைக்கு அந்த ஆளை ஒருமையில் ஏசிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஓடி வந்தார். உன் வலிக்கு அவள் சத்தம் போட்டாள். அதை நான் பார்த்திருக்கிறேன். தன் வலிக்கு அவள் சத்தம் போட்டதை நானும் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை. வித்தியாசம் என்னவென்றால், நான் அதைக் கவனித்தேன். நீ அதை 'வலி குறைவு' என்று எழுதிக்கொண்டாய்.

முதுகெலும்பிலும் இடுப்பிலும் நோய் இறங்கிய பிறகு அவளை நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாய். இரண்டாம் மாடியில் தனி அறை, ஜன்னல் பக்கத்துக் கட்டில். நல்ல அறைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நீ கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. அது உனக்கு ஆஸ்பத்திரி. அவளுக்கு அது மகன் வீடு. உள்ளே வருகிற டாக்டரும் நர்சும் அவளுக்கு மகனைத் தேடி வந்த விருந்தாளிகள். நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லாமல் இருக்க முடியுமா? 'சாப்பிட்டீங்களா' என்று கேட்காமல் இருக்க முடியுமா? காலையில் நீங்கள் எல்லோரும் வார்டு சுற்றி வரும்போது அவள் ஒரு முழங்கையை ஊன்றி எழப் பார்ப்பாள். எலும்பு நொறுங்குகிற இடுப்போடு எழப் பார்ப்பாள். "வாங்க, வாங்க" என்பாள். பிளாஸ்கில் இருக்கிற காபியை உங்களுக்கு ஊற்றச் சொல்லி என்னைப் பார்ப்பாள். உங்களுக்கெல்லாம் அது அழகாக இருந்தது. ஒரு இளம் டாக்டர் வெளியே போய், இந்த வார்டிலேயே சந்தோஷமான பேஷண்ட் இவங்கதான் என்று சொன்னது என் காதில் விழுந்தது. விருந்தாளியிடம் போய் எனக்கு வலிக்கிறது என்று யார் சொல்வார்கள்?

நான் ஒருமுறை அவளிடம் கேட்டேன். அவனிடம் சொல்லேன், வேறு மருந்து கொடுப்பான் என்றேன். வலியை அடக்கக் கடித்திருந்த துண்டின் நுனியைப் பல்லுக்கிடையிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, உங்களுக்கு வெவரமே இல்லீங்களா? பையன் வேலை பாக்கற எடத்துல கெடந்துட்டு வலிக்குது வலிக்குதுன்னு கத்துனா, பெத்தவ வலியையே தீக்க முடியாதவன்கிட்ட நாம என்னத்துக்குப் போறதுன்னு நாலு பேரு பேசமாட்டாங்களா? அவன் பேரு என்ன ஆகறது?" பிறகு நான் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பிடியில் எனக்கே வலித்தது.

ஒருநாள் காலை படுக்கை விரிப்பு மாற்ற வந்த ஆயாவிடம் அவள் சொன்னாள்: "போதும் அம்மணி. என்னைய அனுப்பி வெச்சுருங்க." ஆயா பயந்துபோய் சிஸ்டரிடம் சொல்ல, சிஸ்டர் உன்னிடம் சொல்ல, மத்தியானத்துக்குள் அறை நிறைந்துவிட்டது. நீ, உன் சீஃப், மனநல டாக்டர், ரெண்டு இளம் டாக்டர்கள், சிஸ்டர். எல்லோரும் நின்றுகொண்டிருந்தீர்கள். மனநல டாக்டர் நல்லவர், மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவர் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் அவள் பார்வை முதலில் உன் முகத்துக்குப் போய்விட்டுத்தான் அவரிடம் திரும்பியது. அதை நீ பார்த்தாயா? தூக்கம் எப்படி என்றார். பரவாயில்லீங்க என்றாள். மனசு கஷ்டமா இருக்கா என்றார். இல்லீங்க, பையன் நெம்ப நல்லாப் பாத்துக்கறானுங்க என்றாள். சாகணும்னு தோணுதா என்றார். "அப்படியெல்லாம் இல்லீங்க. நீங்கெல்லாம் நெம்ப நேரமா நிக்கறீங்க, சாப்ட்டீங்களா?" என்றாள். உங்கள் சீஃப் சிரித்தார். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டபோது அவள் கொஞ்சம் குழம்பி, "நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்குங்க சாமி" என்றாள். அப்போது உன் பேஜர் அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே நீ, "மூணு போடுங்க சார், அம்மாவுக்கு அவ்வளவா வலி இல்லை" என்றாய்.

மூணு. ஞாயிற்றுக்கிழமை திரையில் நீ போட்ட ஸ்லைடிலும் அந்த மூணு இருந்தது. அவள் சொன்னதாக இருந்தது.

மெய்யான வலி இல்லாமல் ஒருத்தி போதும் என்கிறாள், சிரித்துக்கொண்டே சொல்கிறாள், ஆகவே இது சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற மனச்சோர்வு என்று முடிவு செய்தீர்கள். மாத்திரை எழுதினீர்கள். நான் உன்னை வராந்தாவில் நிறுத்தினேன். அவளுக்கு வலிக்கிறதடா, மார்ஃபின் கொடுங்கள் என்றேன். அவள் கையைப் பிடித்துக் கேட்டதையும் மீறித்தான் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க. இதை எங்ககிட்ட விட்டுருங்க. சாகணும்னு சொன்ன பேஷண்ட் கைக்கு எட்டற மாதிரி மார்ஃபினை எப்படிங்க எழுதறது?" மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த மரியாதையைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. ஆமாம், நான் கெமிஸ்ட்ரி வாத்தியார்தான். வருடா வருடம் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு அந்த மூலக்கூறைக் கரும்பலகையில் வளையம் வளையமாக வரைந்து காட்டுகிறவன். உன் அம்மா கட்டிலில் கிடந்த மாதங்களிலும் வரைந்தேன். வரைந்து, அழித்து, கையில் சுண்ணாம்புத் தூளோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அவள் வலியால்தான் போதும் என்றாள். போதும் என்று சொன்ன ஒரே காரணத்தால் வலிக்கு மருந்து இல்லை என்றீர்கள். இதைவிட ஒழுங்காக ஒரு மனுஷியைப் பூட்டிவைக்க ஒரு எதிரியால்கூட முடியாது.

அடுத்த வாரம் நீ மாநாட்டுக்காகச் சென்னை போனாய். நீ போன மறுநாள் காலையில் அவளுக்கு ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. மயக்க மருந்துப் பிரிவிலிருந்து ஸ்டெல்லா டாக்டரைக் கூப்பிட்டார்கள். உனக்குப் பிடிக்காத அதே ஸ்டெல்லா டாக்டர். வால்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர், சத்தமாகப் பேசுகிறவர். ஊசி போட்டு முடித்ததும் அவர் போகவில்லை. சிஸ்டரையும், பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்களையும் வெளியே அனுப்பினார். உடுமலையிலிருந்து இளநீரோடு வந்திருந்த உன் மாமனையும் அனுப்பினார். என்னைப் பார்த்தார். "அவரு இருக்கட்டுங்க. அவரு பேசமாட்டாரு" என்றாள் உன் அம்மா. ஸ்டெல்லா டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் ஒரு டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆயாகிட்ட போதும்னு சொன்னீங்களாமே" என்றார். "எதும்மா போதும்?"

உன் அம்மா காபி ஊற்றச் சொல்லவில்லை. வாசலைப் பார்த்தாள், யாரும் இல்லை. பிறகு, "திருப்பிப் போடறப்பங்க" என்றாள்.

காலையிலும் சாயங்காலமும் ரெண்டு ஆயாக்கள் வந்து அவளை ஒருக்களித்துத் திருப்பி விரிப்பை உருவி வேறு விரிப்பு போடுவார்கள். புண் வராமல் இருக்க அது வேண்டும்தான். அதைப் பற்றித்தான் சொன்னாள். "அவுங்க பாவம், மெதுவாத்தான் செய்யறாங்க. ஆனா இடுப்பு ரெண்டாப் பொளக்கற மாதிரி இருக்குதுங்க. அந்த வண்டிச் சத்தம் வராந்தாவுல கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அவுங்க வர்றதுக்குள்ள நாம போயிட்டாத் தேவலைன்னு நெனப்பேனுங்க. திருப்பி முடிச்சுச் சித்த நேரம் ஆயிட்டா அந்த நெனப்பு இருக்காதுங்க. ஒரு வாய் காபி குடிக்கலாம்னு தோணும்."

"அப்ப உங்களுக்குச் சாகணும்னு இல்லை. திருப்பக் கூடாதுன்னுதான்."

"அந்த நேரத்துக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

ஸ்டெல்லா டாக்டர் ஸ்டூலை இன்னும் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அன்றைக்கு அத்தனை டாக்டர்கள் வந்து கேட்டார்களே, ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டார். "பையன் நின்னானுங்களே" என்றாள் உன் அம்மா. அந்த வலி இல்லாவிட்டால் என்ன செய்ய ஆசை என்று கேட்டார். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். கோயிலைச் சொல்வாள், உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளையைச் சொல்வாள் என்று நினைத்தேன். "தலைக்கு ஊத்திக்கணுமுங்க. சீயக்காய் போட்டு. நாறுதுங்க எந்தலை, வர்றவங்க பக்கத்துல உக்காரவே கூச்சமா இருக்குது" என்றாள்.

அன்று சாயங்காலம் ஆயாக்கள் வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஸ்டெல்லா டாக்டர் தானே வந்து மார்ஃபின் ஊசி போட்டார். கொஞ்சமாகத்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் உன் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். துண்டைக் கடித்துக்கொண்டாள். ஆயாக்கள் திருப்பினார்கள், உருவினார்கள், விரித்தார்கள், பழையபடி மல்லாத்தினார்கள். அவள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தாள். "ஆச்சுங்களா?" என்றாள் துண்டுக்கு உள்ளிருந்து. ஆச்சுங்க அம்மணி, எப்பவோ ஆச்சு என்றாள் ஆயா. அவள் நம்பவில்லை. கையால் தடவிப் புது விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

அதே சாயங்காலம் கட்டிலின் தலைமாட்டில் ரப்பர் விரிப்பைப் போட்டு, கீழே வாளி வைத்து, ஆயா அவள் தலையைக் கழுவினாள். உன் மாமன் கேன்டீனிலிருந்து சுடுதண்ணீர் தூக்கித் தூக்கி வந்தார். "ஏனுங் மச்சான், மாப்பிள்ளை ஆஸ்பத்திரின்னு ஊரெல்லாம் பேரு. ஒரு குண்டா சுடுதண்ணிக்கு இத்தனை படி எறங்கி ஏற வேண்டீது" என்று முனகினார். உன் அம்மா சிரித்தாள். விருந்தாளிக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, வாய்விட்டுச் சிரித்தாள். ஈரத் தலையோடு ஸ்டெல்லா டாக்டரைப் பார்த்து, "நாளைக்கும் இந்த ஊசி உண்டுங்களா?" என்று கேட்டாள். உண்டு, இனி மாத்திரையாகவே எழுதிவிடுகிறேன் என்றார் அவர். உடனே உன் மாமனிடம் திரும்பினாள். "நாளைக்குச் சீக்கிரமா வந்துருண்ணா. ரெண்டு பேருமாப் புடிச்சு என்னைய உக்கார வெச்சுப் பாருங்க."

இதுதான் உன் திருமதி ச. கடைசியாகக் கேட்டது. அவள் நாளையைக் கேட்டாள்.

நீ மறுநாள் விடியற்காலை ரயிலில் வந்தாய். குளித்துவிட்டு நேராக வார்டுக்கு வந்தாய். ஸ்டெல்லா டாக்டர் எழுதியிருந்ததைப் பார்த்ததும் உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அம்மாவின் தலை பளபளவென்று இருந்ததை நீ பார்க்கவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாய். வராந்தாவில் ஸ்டெல்லா டாக்டர் உன்னைப் பிடித்துக்கொண்டார். நானும் நின்றேன், உன் மாமனும் நின்றார். ஸ்டெல்லா டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, உங்க அம்மா சாகக் கேக்கலை. பெட்ஷீட் மாத்தறதுக்கு மருந்து கேட்டாங்க."

"மேடம், இது சைக்கியாட்ரிக் கேஸ். எங்க அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றாய்.

சாயங்காலத்துக்குள் உன் சீஃப் மூலம் சொல்லி, ஸ்டெல்லா டாக்டர் அந்த அறைக்கு வர வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டாய். மருந்து பேரில் உனக்கு இருந்த பயம் பாதி, உன் நோயாளியை இன்னொருத்தர் தொட்டுவிட்டார் என்கிற ரோஷம் பாதி. இதை மறுத்து நீ எழுதப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். உன் மாமன் அன்றைக்கு உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் என்னிடம் சொன்னார்: "மச்சான், இவன் படிச்சது பத்தலீங்க. இல்லாட்டி நெம்பப் படிச்சுப்போட்டான்." அவளை உட்கார வைத்துப் பார்க்க வந்த மனிதர், அவளைத் தொடாமலே உடுமலை பஸ் ஏறினார்.

அதன் பிறகு அவள் இருந்தது மூன்று வாரம். காலையிலும் சாயங்காலமும் வண்டி வந்தது. உன் மனச்சோர்வு மாத்திரைகளில் அவள் நாக்கு வறண்டது, கண் சொருகியது. வருகிறவர்களைப் பார்த்து 'வாங்க' என்று சொல்வதை நிறுத்தினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பதை நிறுத்தினாள். ஆயாவிடம் பேசுவதை நிறுத்தினாள். சாவைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது என்று மேடையில் சொன்னாயே, உண்மைதான், எல்லாப் பேச்சும் நின்றுவிட்டது. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அதற்கு நீ அமைதி என்று பெயர் வைத்தாய். அந்த அமைதிக்குக் கைதட்டல் வாங்கினாய்.

அப்போது நீங்கள் ஏன் இன்னும் அழுத்திப் பேசவில்லை என்று கேட்பாய். கேள். நான் உன்னிடம் சொன்னேன், நீ என்னை வாத்தியார் என்றாய். உன் சீஃபிடம் சொன்னேன், அவர் உன்னைக் கூப்பிட்டு உன் அப்பா பாவம் தாங்கமுடியாமல் தவிக்கிறார் என்றார். அதற்கு மேல் அந்தக் கட்டிடத்தில் என் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. உன்னை டாக்டராக்கிய குற்றத்தில் எனக்குப் பங்கு உண்டு என்றால் அதை ஒத்துக்கொள்கிறேன். வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திங்கட்கிழமை நான் ஸ்டெல்லா டாக்டரைத் தேடிப் போனேன். நீங்களும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "சார், அவர் கத்துக்கத்தானே போறார்? போயிட்டு வரட்டும். முதல்ல அவருக்கே எழுதுங்க, கட்டுரையைத் திருத்திக்க ஒரு சந்தர்ப்பம் கொடுங்க" என்றார். யார் உடம்பில் கற்றுக்கொண்டான் என்று கேட்டேன். அவர் காலி டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். நான் எழுந்து வரும்போது இன்னொன்று சொன்னார். வலியே இல்லாமல், மனசும் தெளிவாக இருந்து, நிஜமாகவே போகவேண்டும் என்று கேட்கிற நோயாளிகளும் உண்டு என்றார். நான் வாதத்துக்காக, அப்போது உங்கள் கேள்விகள் எல்லாம் எதற்கு என்றேன். "அப்பவும் உக்காந்துதான் சார் கேக்கணும். கேக்காம நமக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். இந்தப் பெண்மணியைத்தான் நீ அறைக்குள் வராமல் செய்தாய்.

உனக்குச் சந்தர்ப்பம் கொடுக்க மாட்டேன். திருப்பிப் போடும் வேளை வருவதற்குள் அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது, அதை நீ பேனாவால் அடித்தாய். இந்தக் கடிதம் முதலில் அந்தப் பத்திரிகைக்குத்தான் போகிறது. உனக்கு ஒரு பிரதி, அதே தபாலில். அச்சிடுவார்களோ மாட்டார்களோ, பிரித்துப் படிக்காமல் இருக்க முடியாது.

அப்பாவாக உனக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இதைப் புத்திமதியாக எடுத்துக்கொள், சாபமாக எடுத்துக்கொள், எனக்கு ஒன்றுதான். நீ போகிற ஊரில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி உன்னிடம் எனக்குப் போதும் என்று சொல்வாள். அப்போது நீ முதலில் செய்ய வேண்டியது, பக்கத்தில் அவள் மகன் நின்றால் அவனை வெளியே அனுப்பு. அவன் டாக்டராக இருந்தால் கதவையும் சாத்து. பேஜரைக் கழற்றி வை. உட்கார். எது போதும் என்று கேள், எந்த வேளையில் போதும் என்று தோன்றுகிறது என்று கேள். அந்த வேளை கழிந்த பிறகும் தோன்றுகிறதா என்று கேள். அவள் சொல்லாத எண்ணை நீ சொல்லாதே. அந்த ஒரு தொல்லை நீங்கினால் நாளைக்கு என்ன செய்வாய் என்று கேள். அவள் சொல்லும் பதில் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தலை குளிக்க வேண்டும் என்பதாக இருந்தாலும், அன்றைக்கே அதைச் செய்து கொடு. ஒவ்வொரு முறை நீ அந்த ஸ்டூலை இழுத்துப் போடும்போதும் நீ உட்காராத கட்டில் ஒன்று உன் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கட்டும். உனக்கு நல்ல பெயர் வரட்டும். நல்ல பெயர் வர வர அது அதிகமாக வந்து நிற்கட்டும்.

என் விஷயம் ஒன்று. எனக்கும் வயதாகிறது, சர்க்கரை வந்துவிட்டது, என்றைக்காவது நானும் ஒரு கட்டிலில் கிடப்பேன். உன் மாமனிடம் வாயால் சொல்லிவைத்திருக்கிறேன், உனக்கும் இதோ சொல்கிறேன். என் அறைக்குள் நீ டாக்டராக வரக் கூடாது. மகனாக வரலாமா என்பதை அன்றைக்கு யோசிப்பேன். வராந்தாவில் நிற்கலாம். அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நீயும் தெரிந்துகொள்.

இந்தக் கடிதத்தின் கீழே என் முழுப் பெயரையும், என் கல்லூரியையும், உன் பெயரையும், உன் பட்டங்களையும் எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். ரெண்டு நாளாக அந்த ஆசையில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். பேனா அங்கே வந்ததும் நின்றுவிட்டது. துண்டைக் கடித்துக்கொண்டு அவள் எதைக் காப்பாற்றினாள்? உன் பெயரை. காலையும் சாயங்காலமும் இடுப்பு பிளக்க விட்டு, ஒரு வார்த்தை வெளியே விடாமல் பொத்திக் காத்தது அந்த ஒன்றைத்தான். அதை ஊர் முன்னால் உடைக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் உடைத்தால் அவள் பட்டது அத்தனையும் வீண். உனக்காக அல்ல, அவள் பட்டதற்காக நான் அதைத் தொடாமல் விடுகிறேன். அன்றைக்குக் கூடத்தில் கைதட்டியவர்களுக்கு இது யார் என்று தெரியும், அவர்களுக்குத் தெரியத்தான் எழுதினேன். மற்ற எல்லோருக்கும் நீ யாரோ ஒருத்தியின் மகன். ஊரில் இருக்கிற ஒவ்வொரு டாக்டர் மகனும் இது தன் அப்பா எழுதியதோ என்று ஒருமுறை யோசிக்கட்டும்.

இது மன்னிப்பு இல்லை. அவள் காப்பாற்றிய உன் பெயர் இதில் இல்லை, என் பெயரும் இதில் இருக்காது. 'இப்படிக்கு உன் அப்பா' என்று கீழே எழுதி உனக்கு அந்த உறவையும் கையில் கொடுக்க நான் தயாராக இல்லை. கவரை ஒட்டிவிட்டு, மத்தியானத் தபால் எடுப்பதற்குள் கையெழுத்து இல்லாமலே கணபதி போஸ்ட் ஆபீஸில் போட்டுவிடுவேன்.